பழைய பாணி வீடு என்று ஒதுக்கிவிடாதீர்கள்: வீடு தேடி அலைந்த அனுபவம்

வீடு வாங்கத் தேடிக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். மங்கிய நிறம், பழைய டைல்ஸ், காலம் போன அலமாரி ஆகியவற்றைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசலோடு திரும்பிவிடாதீர்கள். நான் தேடத் தொடங்கியபோது இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், கையைவிட்டுப் போன ஒரு முன்பணமும் மாதக்கணக்கில் கெட்ட தூக்கமும் மிச்சமாகியிருக்கும். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை சொந்தமாக வீடு வாங்கியதில்லை. யோசனை கேட்க ஆள் இல்லை. தரகரும் விற்பவரும் நிறைய பேசினார்கள், ஆனால் விற்றால்தான் அவர்களுக்கு லாபம். எதை நம்புவது, எதைக் கேட்பது என்றே தெரியாமல் தனியாக அலைந்தேன்.

முதலில் எனக்குப் பிடித்தது பளிச்சென்று இருந்த ஒரு வீடு. எல்லாச் சுவரும் வெள்ளை, புதுச் சமையலறை, புது விளக்குகள். "அப்படியே பெட்டியைத் தூக்கிட்டு வந்து குடியேறலாம்" என்றார் தரகர். முன்பணம் கொடுத்தேன். பத்திரம் முடிவதற்குள், அலமாரி செய்ய அளவெடுக்கலாம் என்று ஒரு காலையில் போனேன். முந்தைய இரவு முழுக்க நல்ல மழை. படுக்கையறையின் வெளிச்சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கியிருந்தது. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினேன். பெயின்ட் தோலாக உரிந்து, உள்ளே இருந்து ஈரமான வெள்ளைப் பொடி விரலில் ஒட்டிக்கொண்டது. புதிதாக வைத்திருந்த அலமாரியைத் திறந்தால் பின்பலகையில் ஓரம் முழுக்கக் கரும்பூஞ்சை. விற்பவரிடம் கேட்டேன். பூச்சு இன்னும் காயவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். சுவரில் ஓதம் ஏறியிருப்பதை மறைக்கத்தான் அந்த வெள்ளையடிப்பும் அலமாரியும் என்பது அப்புறம்தான் புரிந்தது. நான் பின்வாங்கினேன். வாங்குபவர் விலகினால் முன்பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் அவர் ஒரு பைசாகூடத் தரவில்லை. பல வருடங்கள் சேர்த்த காசு அது. கோபமும் அவமானமுமாக இருந்தது, வீடே வேண்டாம் என்று கொஞ்ச நாள் தேடுவதையே நிறுத்திவிட்டேன்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன், பொறியாளர் பரிசோதனையில் கட்டுமானக் குறை ஏதும் தெரியவந்தால் பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர் அநேகமாக ஒப்புக்கொள்வார். அந்த வரியைக் கேட்டதுமே விற்பவர் எரிச்சல்பட்டால், அந்த எரிச்சலே உங்களுக்கு ஒரு தகவல்.

மறுபடி தேடத் தொடங்கியபோது என் பார்வை மாறியிருந்தது. புதிதாகப் பூசிய சுவரைப் பார்த்தால் பயம் வந்தது. ஆனால் யாருமே தொடாமல் விட்ட பழைய வீடுகளில் எல்லாமே வெளியில் தெரிந்தது. எந்தச் சுவரில் தண்ணீர் இறங்கியது, எந்த விரிசல் எவ்வளவு காலமாக இருக்கிறது, எந்தக் குழாய் கசிந்தது என்று கறைகளே காட்டிக்கொடுத்தன. ஐம்பது வருட மழையைப் பார்த்தும் கறைபடாமல் நிற்கிற சுவரை நம்பலாம், போன மாதம் பெயின்ட் அடித்த சுவரைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது. இதை உணர்ந்த பிறகுதான் பழைய பாணி வீடுகளை நான் நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

கடைசியில் நான் வாங்கிய வீடு ரொம்ப காலமாக விலைபோகாமல் கிடந்தது. காட்ட வந்த தரகருக்கே கூச்சம். குளியலறை முழுக்கக் கரும்பச்சை டைல்ஸ். கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு இருண்ட மரப்பலகை, அதற்கு மேல் பூப்போட்ட பழுப்புச் சுவர்த்தாள். தலையில் இடிப்பதுபோல் தாழ்வான பொய்க்கூரை. கனத்த திரைகள். உள்ளே நுழைந்ததும் நெஞ்சை அடைத்தது, உண்மையைச் சொன்னால் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. திரையை மட்டும் விலக்கிப் பார்ப்போமே என்று இழுத்தேன். பின்னால் சுவரின் பாதி அகலத்துக்கு ஜன்னல். வெளிச்சம் கூடத்தின் மறுகோடி வரை போனது. நாற்காலி போட்டு ஏறி, பொய்க்கூரையின் ஒரு பலகையை நகர்த்தி டார்ச் அடித்தேன். உண்மையான கூரை ஒரு முழத்துக்கு மேல் உயரத்தில், ஒரு கறைகூட இல்லாமல் இருந்தது. மூலையில் தரை விரிப்பைத் தூக்கினால் கீழே மொசைக் தரை, அழுக்கு ஏறியிருந்ததே தவிர உடையவில்லை. தேய்த்து மெருகேற்றினால் புதுத் தரை போடும் செலவே இல்லை. அந்த அரைமணி நேரத்தில் என் மனம் மாறியதை இப்போதும் சந்தோஷமாக நினைத்துக்கொள்கிறேன்.

அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டேன். கண்ணுக்கு உறுத்தும் இந்த விஷயத்தை மாற்ற முடியுமா, முடிந்தால் எவ்வளவு செலவு? வீடு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, வெயிலும் காற்றும் எப்படி வருகின்றன, பக்கத்துக் கட்டடம் எவ்வளவு நெருக்கம், தெரு எவ்வளவு தாழ்வு, கூரை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் எவ்வளவு காசு கொட்டினாலும் ஏறக்குறைய மாறாதவை. அடித்தளம், கூரை, வயரிங், குழாய், கழிவுநீர் இவற்றை மாற்றலாம், ஆனால் பை காலியாகும். நிறம், சுவர்த்தாள், கைப்பிடி, விளக்கு, திரை, அலமாரிக் கதவு இவைதான் ரொம்ப மலிவு. ஆனால் பெரும்பாலோர் இந்தக் கடைசி வகையைப் பார்த்துத்தான் வீட்டை வேண்டாம் என்கிறார்கள், இதே வகையைப் பார்த்துத்தான் வாங்கவும் செய்கிறார்கள். விலையில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் தண்ணீருக்கு. வீட்டை அழிப்பதில் தண்ணீருக்கு நிகர் எதுவும் இல்லை. முடிந்தால் மழை பெய்து ஓய்ந்ததும் ஒருமுறை போய்ப் பாருங்கள். தரையிலிருந்து மேலே ஏறும் ஓதம் பொதுவாகச் சுமார் ஒரு மீட்டர் உயரம் வரைதான் வரும், சுவரின் அடியில் படுக்கைவாக்கில் ஒரு கறைக்கோடும் அதன் மேல் உப்புப் பூத்திருப்பதும் அதன் அடையாளம். கூரைப் பக்கமோ ஜன்னல் மூலையிலோ கறை இருந்தால் தண்ணீர் மேலிருந்து அல்லது பக்கவாட்டில் வருகிறது. வெறும் மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் படிந்தும் ஈரம் வரும். எது என்று குழப்பமாக இருந்தால், ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விடச் சொல்லுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, தாளின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அறைக்காற்றின் ஆவி. இரண்டாவதற்குக் காற்றோட்டம் போதும். முதலாவதற்கு மூலத்தைக் கண்டுபிடித்துதான் ஆக வேண்டும். பல நேரம் அந்த மூலம் அடைத்துப்போன மழைநீர்க் குழாயாகவோ, சுவரோரம் உயர்ந்துவிட்ட மண்ணாகவோ இருக்கும், இவை சின்ன வேலைகள். வெளியே நின்று சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள்.

ரொம்பப் பழைய, சுண்ணாம்புக் கலவையில் கட்டிய வீடாக இருந்தால் இன்னொன்று. அந்தச் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி, பிறகு காற்றில் விட்டுவிடும். மேலே யாராவது சிமென்ட் பூச்சும் நீர் புகாத பெயின்டும் அடித்திருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். சுவர் கெட்டுவிட்டது என்று நினைத்து இடிக்கப் போவார்கள், சிமென்ட்டைச் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசினால் பல சுவர்கள் காய்ந்துவிடும். இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கடினம்.

விரிசல் என்றதும் எல்லோருக்கும் உயிர் போகிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசல்கள் பழைய வீட்டில் சகஜம். கட்டடச் சேதத்தை மதிப்பிட பிரிட்டனில் பயன்படுத்தும் ஒரு வகைப்பாட்டில் 1 மி.மீ. வரையிலான விரிசல் வண்ணமடிக்கும்போதே மூடிவிடக்கூடியது, 5 மி.மீ. வரை நிரப்பிச் சரிசெய்யக்கூடியது. அதற்கு மேல் போனால் சுவரைத் திறந்து கொத்தனார் வேலை தேவைப்படும், 15 மி.மீ. தாண்டினால் பெரிய பழுது. அகலத்தைவிட முக்கியம், விரிசல் இன்னும் நகர்கிறதா என்பது. செங்கல் வரிசைகளில் படிக்கட்டுபோல ஏறும் விரிசல், ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருப்பது, பக்கத்திலேயே கதவு நிலையில் முட்டுவது, தரை சாய்வது ஆகியவை சேர்ந்து வந்தால் அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும். விரிசலுக்குள் பழைய பெயின்டும் தூசும் படிந்திருந்தால் அது வந்து பல காலம் ஆகியிருக்கும், உட்புறம் சுத்தமாக, கூர்மையாக இருந்தால் புதிது. நான் பார்த்த வீட்டில் படிக்கட்டுச் சுவரில் நீளமாக ஒரு விரிசல். அதன் உள்ளேயே இரண்டு நிறப் பெயின்ட் இருந்ததைப் பொறியாளர் டார்ச் அடித்துக் காட்டியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கான்கிரீட் கூரையில் பார்க்க வேண்டியது துருக்கறையும், பூச்சு விழுந்து கம்பி தெரிவதும். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல பத்தாண்டுகளில் மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். அப்புறம் ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட் வெடித்து விழும். ஓர் ஓரத்தில் கொஞ்சம் என்றால் பழுது பார்க்கலாம். பல இடத்தில் தெரிந்தால், தட்டிப் பார்க்கும்போது உள்ளே வெற்றாக இருப்பதுபோலச் சத்தம் கேட்டால், எவ்வளவு வெளிச்சமான வீடானாலும் விட்டுவிடுங்கள். அப்படி எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வீட்டையும் நான் விட்டேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் செலவை என்னால் தாங்கியிருக்க முடியாது.

குழாய்க்கும் மின்சாரத்துக்கும் வெட்கப்படாமல் எல்லாவற்றையும் திறந்து போட்டுப் பாருங்கள். குளியலறைக் குழாய் ஓடும்போதே சமையலறைக் குழாயையும் திறங்கள். தண்ணீர் சட்டென்று மெலிந்தால், பழைய இரும்புக் குழாய் உள்ளே துருவேறிச் சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள், அப்போதும் சுற்றினால் எங்கோ கசிகிறது. மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி போட்ட பழைய பலகையும் துணி சுற்றிய வயரும் இருந்தால் முழு வயரிங்கையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள், கசிவு மின்னோட்டத்தில் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. கதவு நிலை, ஜன்னல் சட்டம் இவற்றின் அடிப்பகுதியை ஸ்க்ரூடிரைவரால் மெல்லக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் கரையானோ உளுத்தலோ இருக்கிறது. சுவரோரம் மண்கோடு ஏறியிருந்தால் அதுவும் கரையான்தான்.

உடல்நலம் சார்ந்த ஒன்றை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, வேலை தொடங்கிய பிறகு பயந்து பயந்து படித்தேன். பழைய கூரைத் தகடுகள், சில தரை ஓடுகள், பொரி ஒட்டியதுபோலச் சொரசொரப்பாக இருக்கும் பழைய கூரைப்பூச்சு இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனே 1999-இல்தான் அதை முழுவதுமாகத் தடை செய்தது. முழுதாக, அசையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு, உடைத்து, அறுத்து, தேய்க்கும்போதுதான் அதன் நுண்ணிழை காற்றில் பறந்து நுரையீரலுக்குப் போகிறது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அது தடைசெய்யப்பட்டது 1978-இல். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள், அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு இடிக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளருக்குக் கொடுத்த கட்டணம்தான் இந்த முழுக் கதையிலும் நான் செய்த சிறந்த செலவு. தரகர் சொல்லும் ஆளை வைக்காதீர்கள், நீங்களே தேடிப் பிடியுங்கள். கூடத்தையும் சமையலறையையும் பிரிக்கும் சுவரை எடுத்துவிட்டால் வீடு பெரிதாகிவிடும் என்று நான் கனவு கண்டிருந்தேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சுவர்தான் மேல்மாடியைத் தாங்குது. எடுக்கணும்னா பீம் போட்டு, ரெண்டு பக்கமும் தூண் இறக்கணும். அதுக்குப் பதிலா வாசலை அகலப்படுத்துங்க" என்றார். அகலப்படுத்தினோம், அதுவும் அவர் வரைந்து கொடுத்தபடி மேலே லிண்டல், அதாவது வாசலுக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் குறுக்கு உத்திரம், போட்டுத்தான். கனவில் பார்த்த சுவரை மனதில் இடிக்கும் முன், அது சுமை தாங்கும் சுவரா என்று கேட்டுவிடுங்கள். அவர் எழுதிக் கொடுத்த பழுதுப் பட்டியலை வைத்து விலை பேசினேன். "பச்சை டைல்ஸ் நல்லாயில்லை" என்று சொன்னால் யாரும் குறைக்க மாட்டார்கள், "வயரிங்கும் குழாயும் முழுக்க மாற்றணும், இதோ மதிப்பீடு" என்று காகிதத்தை நீட்டினால் பேச்சு மாறும்.

இவ்வளவு பார்த்தும் வேலை தொடங்கியதும் திணறிப்போனேன். குளியலறைத் தரையை உடைத்தபோது கழிவுநீர்க் குழாய் விண்டிருந்தது, அதை வெளியிலிருந்து யாராலும் பார்த்திருக்க முடியாது. மதிப்பிட்டதைவிட ஏறக்குறைய கால்வாசி கூடுதலாகச் செலவானது, சொன்ன காலத்தைப்போல இரண்டு மடங்கு ஆனது. அந்த மாதங்களில் வாடகையும் கடன் தவணையும் சேர்ந்து கழுத்தை நெரித்தன. தூசி படிந்த அந்தக் கூடத்தில் ஒரு மாலை தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன். பழைய வீடு வாங்குபவர்கள் மதிப்பீட்டுக்கு மேல் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது தனியாக எடுத்து வையுங்கள், அதை அழகுவேலைக்குத் தொடாதீர்கள். பழைய வீட்டின் பழுதுச் செலவுக்குக் கடன் கிடைக்குமா, வாங்கும் கடனிலேயே சேர்க்க முடியுமா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுவதும் நல்லது.

வேலைகளின் வரிசையும் முக்கியம். கூரையும் ஒழுகலும் முதலில், பிறகு வடிகால், குழாய், வயரிங், அதற்கப்புறம் பூச்சு, தரை, கடைசியில்தான் பெயின்ட். இந்த வரிசை குலைந்தால் பூசிய சுவரை மறுபடி உடைக்க நேரும். குடியேறத் தக்க அளவுக்கு வேலை முடிந்ததும், அழகு சார்ந்த மாற்றங்களை ஒரு வருடம்போல ஒத்திப்போட முடிந்தால் போடுங்கள். அந்தப் பச்சை டைல்ஸை நான் பெயர்க்கவே இல்லை. மங்கிய விளக்கை மாற்றி, சுவரின் மேல்பாதிக்கு வெள்ளை அடித்ததும் அது அழகாகவே தெரிந்தது. சுவர்களை மூடும் முன் வயரும் குழாயும் ஓடும் இடங்களை, அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்தபடி, அறை அறையாகப் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கவோ கசிவு தேடவோ அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும், வீட்டை விற்க நேர்ந்தால் வாங்க வருபவருக்கும் அவற்றைக் காட்டலாம்.